போர் தண்ணீருக்கு யார் ஜாமீன்? (கேள்வி-பதில்)

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையின் இருபுறத்து ஊர்களிலிருந்தும் அவற்றுக்கு அப்பாலிருந்தும் வந்த கேள்விகள் சேர்ந்துகொண்டே இருந்தன. எல்லாமே தண்ணீரைப் பற்றியவை. இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே தந்துவிட்டேன்.

சிப்காட் ஆலைகள் இத்தனை வருஷமாக மண்ணையும் தண்ணீரையும் கெடுத்திருக்கின்றன. நீங்கள் விவசாயியிடம் வந்து யூரியாவைக் குறை என்கிறீர்களே, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைத் திட்டுவதா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

திருடனையும் பிடிக்க வேண்டும், வீட்டையும் பூட்ட வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

சிப்காட் விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 2003இல் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஜே. கனகராஜ் இந்திய மக்கள் தீர்ப்பாயத்துக்காக இங்கே வந்து விசாரித்து அறிக்கை தந்தார். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டது. 70ஐத் தாண்டினால் மிக மோசமாக மாசுபட்ட பகுதி என்று பெயர். கடலூருக்கு வந்தது 77.45. உப்பனாற்றங்கரை மக்கள் மூக்கிலும் தோலிலும் உணர்ந்ததை டெல்லி எண்ணாக எழுதிக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆலைக் கழிவுக்கு ஆலைதான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் தன் செலவில்.

ஆனால் குடிகாட்டிலோ காரைக்காட்டிலோ ஒரு போர் தண்ணீரைப் பரிசோதித்து, அதில் நைட்ரேட் எகிறியிருந்தால் என்ன ஆகும்? “பாருங்கள், இது உர மூட்டை செய்த வேலை” என்று எதிர்த் தரப்பு கையைக் காட்டும். அதில் பாதி உண்மையும் இருக்கும். பென்சீன் யூரியா மூட்டையிலிருந்து வருவதில்லை, நைட்ரேட் வரும். நம் பங்கை நாம் குறைத்துவிட்டால் கிணற்றில் மிச்சம் இருப்பது யாருடையது என்று சொல்ல அவ்வளவு சிரமம் இருக்காது. விவசாயியிடம் நான் பேசுவதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம், அந்தத் தண்ணீரை முதலில் குடிக்கிறவர் அவர்தான்.

நைட்ரேட் கலந்த தண்ணீரை ருசியில் கண்டுபிடிக்க முடியுமா?
(மாணவி, சிதம்பரம்)

முடியாது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பரிசோதனை ஒன்றே வழி.

தரையில் தூவுகிற யூரியா நூறு அடி ஆழத்துத் தண்ணீருக்கு எப்படிப் போகும்? நம்பவே முடியவில்லை.
(விவசாயி, காரைக்காடு)

ஒரே நாளில் போகாது, ஆனால் போகும். யூரியா ஈரமண்ணில் விழுந்ததும் சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியத்தை மண் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அதன் மின்சுமையும் மண் துகளின் மின்சுமையும் எதிரெதிரானவை. பிறகு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றோட்டம் கிடைத்தவுடன் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டுக்கும் மண்ணுக்கும் ஒரே மின்சுமை. மண் அதைப் பிடித்து வைக்காது. வேர் உடனே உறிஞ்சினால் பயிருக்கு லாபம். உறிஞ்சாததை அடுத்த பாய்ச்சலோ ஐப்பசி மழையோ கீழே இறக்கிவிடும். களிமண்ணில் இந்தப் பயணம் மெதுவாக நடக்கும். உங்கள் பக்கத்துக் கடலோர மணற்பாங்கான நிலத்தில் தடுக்க ஆளில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோ 700 கிராம். அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் ஏறக்குறைய 92 கிலோ. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் அனுமதிப்பது லிட்டருக்கு 45 மில்லிகிராம். அந்த ஒரு மூட்டை, சுத்தமான 20 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்கே கொண்டுவந்து நிறுத்தப் போதும். மூட்டை முழுவதும் கீழே போவதில்லை. கொஞ்சம் பயிருக்கு, கொஞ்சம் காற்றுக்கு. மூன்றில் ஒரு பங்கு இறங்கினால்கூட 7 லட்சம் லிட்டர் ஆயிற்று. ஒரு தெருவே வருஷக்கணக்கில் குடிக்கிற தண்ணீர் அது.

ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. ஒரு மூட்டை கூடப் போட்டால் என்ன குடி முழுகிவிடும்? பயிர் கருகருவென்று நிற்கிறதே!
(விவசாயி, புவனகிரி)

கருகருவென்று நிற்கிற பயிரைத்தான் புகையான் முதலில் தேடி வருகிறது. குலைநோயும் அங்கேதான் முதலில் உட்காருகிறது. கதிர் முற்றும்போது ஒரு காற்று அடித்தால் சாய்வதும் அதே வயல்தான். 266 ரூபாய்தானே என்று நினைத்தது, பூச்சி மருந்துக் கடை ரசீதில் இரண்டாயிரமாகத் திரும்பி வரும்.

பச்சை நிறத்தைக் கண்ணளவில் பார்த்து ஏமாறாதீர்கள். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் பட்டையில் வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை வரிசையாக இருக்கும், அவ்வளவுதான் அது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை வயலில் இறங்கி, அங்கங்கே பத்துப் பயிரில் நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையின் மேல் வையுங்கள். வெயில் இலையின் மேல் விழாதபடி உங்கள் உடம்பால் நிழல் கொடுங்கள், இல்லாவிட்டால் கண் பொய் சொல்லும். பத்தில் ஆறு இலையாவது 4ஆம் எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் உரம். வெள்ளைப் பொன்னி போட்டவர்களுக்கு அந்த எண் 3. அப்போதும் ஏக்கருக்கு 25 கிலோ யூரியாவைத் தாண்டி ஒரே தடவையில் கொட்ட வேண்டியதில்லை. உங்கள் ஊர் வேளாண் அலுவலரிடமும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்திலும் இந்த அட்டையைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டவர், அதில் 9 கிலோ தழைச்சத்து ஏற்கெனவே இருக்கிறது என்பதை மறந்துவிட்டு முழு யூரியாக் கணக்கையும் தனியாகப் போடுகிறார். அந்த 9 கிலோ என்பது 20 கிலோ யூரியா. கழித்துவிடுங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்கள். விளைச்சல் குறையாதா? எங்கள் அப்பா எப்போதும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பார்.
(விவசாயி, சிதம்பரம் வட்டம்)

உங்கள் அப்பா காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, வடிந்தது. இப்போது பலர் போரில் இறைத்து நிறுத்துகிறார்கள். நெல் தண்ணீரில் வாழத் தெரிந்த பயிர், ஆனால் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால்தான் வாழும் என்பதில்லை.

செலவில்லாத கருவி ஒன்று சொல்கிறேன். ஓரடி நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, நாலைந்து அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போடுங்கள். துளையுள்ள பகுதி மண்ணுக்குள் போகும்படி வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் வாரி வெளியே போட்டுவிடுங்கள். வயலில் தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். மேல்மண் காய்ந்து மயிரிழை வெடிப்பு தெரிகிறபோது பயப்படுகிறவர்கள் அந்தக் குழாய்க்குள் பார்த்தால் தைரியம் வரும்: வேருக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது. தரை மட்டத்திலிருந்து அரை அடி கீழே, சுமார் 15 செ.மீ. இறங்கியதும் மீண்டும் இரண்டு அங்குலம் பாய்ச்சுங்கள். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கிற நேரத்திலும் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். அந்தக் கட்டங்களைத் தவறவிடாமல் செய்கிறவர்களுக்கு விளைச்சல் குறைவதில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளில் பரப்பிய முறை இது.

ஓர் எச்சரிக்கை. காயவிட்டால் மண்ணில் நைட்ரேட் உருவாகும், மறுபடி வெள்ளமாகப் பாய்ச்சினால் அது இறங்கும். அதனால் உரத்தையும் தண்ணீரையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். தண்ணீர் வடிந்து ஈரப்பதத்தில் இருக்கிற வயலில் யூரியாவைத் தூவி, அடுத்து மிதமாகப் பாய்ச்சினால் உரம் வேர்ப் பகுதிக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தளும்பும் வயலில் தூவி, கடைமடை திறந்திருந்தால்? சாலையோரத்து வயல் ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறேன். மேல் வரப்பில் ஒருவர் யூரியா வீசிக்கொண்டு வர, கீழ் வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்து வடிகாலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் விதைத்தது வடிகாலில் ஆகாயத்தாமரையை.

கரும்புக்கு எத்தனை மூட்டை போட்டாலும் பத்தாது என்கிறது மனசு. எங்கே குறைப்பது?
(கரும்பு விவசாயி, நெல்லிக்குப்பம்)

கிணற்றில் குறையுங்கள். புரியும்படி சொல்கிறேன்.

உங்கள் போர் தண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குப் பாய்ச்சினால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அந்த ஒரு லட்சம் லிட்டரில் ஒரு கிலோ தழைச்சத்து கரைந்திருக்கிறது, அதாவது இரண்டு கிலோவுக்கும் சற்று மேல் யூரியா. கரும்புக்கு வருஷம் முழுவதும் போரிலிருந்து மொத்தம் 40 அங்குலம் பாய்ச்சுகிறீர்கள் என்றால், 90 கிலோ யூரியா, இரண்டு மூட்டை, தண்ணீரோடு தானாக வந்துவிட்டது. நைட்ரேட் 90 ஆக இருந்தால் நாலு மூட்டை. இதை அறியாமல் மேலே மறுபடியும் கொட்டினால் அது கீழே போய், மறுபடியும் மோட்டாரில் மேலே வரும்.

ஆகவே முதல் வேலை கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, அதிலுள்ள தழைச்சத்தை உரக் கணக்கில் கழிப்பது. இரண்டாவது வேலை சொட்டுநீர். வரிசைக் கால்வாயில் வெள்ளமாக விடுகிற கரும்புக்கும், வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் வழியே உரம் குடிக்கிற கரும்புக்கும் நஷ்டத்தில் பெரிய வித்தியாசம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கடலூரிலேயே கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உரப்பாசன அட்டவணையை அங்கே கேட்டு வாங்குங்கள். வெட்டு முடிந்ததும் சோகையைக் கொளுத்தாமல் வரிசைக்கு நடுவே மூடாக்காகப் போடுங்கள். ஈரம் நிற்கும், ஒன்றிரண்டு தண்ணீர் மிச்சமாகும்.

மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) எவ்வளவு யூரியா?
(விவசாயி, குறிஞ்சிப்பாடி வட்டம்)

வேரைப் பிடுங்கி அதிலுள்ள முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. விதையில் ரைசோபியம் கலந்து விதையுங்கள், அடியுரத்தில் சிறிதளவு போதும். மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுங்கள். காய்க்குத் தேவை அதுதான்.

கைக்குழந்தைக்குப் போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். பயமில்லையே?
(இளம் தாய், ஆலப்பாக்கம்)

அம்மா, கிருமிக்குக் கொதிக்கவைப்பது சரி. நைட்ரேட்டுக்கு அது சரியல்ல. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் ஆகாது. மிச்சமிருக்கும் தண்ணீரில் அதன் அளவு கூடும். குளோரின் மாத்திரையும் பயன்படாது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இது முக்கியம். உடம்புக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தாற்போல் ஆகும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டுபிடித்து எழுதினார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று மருத்துவர்கள் சொல்வதை அப்படியே கடைப்பிடித்தால் இந்த ஆபத்தே இல்லை. புட்டிப்பால்தான் வழி என்றால், பரிசோதித்துச் சரி என்று தெரிந்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். குழந்தையின் உதடு நீலமானால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள், அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுமா?
(பட்டதாரி இளைஞர், அண்ணாமலைநகர்)

உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர்தான் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்து, அதை உதறிவிட்டு வந்து மண்ணை உயிருள்ளதாகப் பார்க்கச் சொன்னார். மட்கு நிறைந்த மண் தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். அதில் அவர் சொன்னது முழுக்கச் சரி. நெல்லுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் யூரியா மூட்டைகள் நிச்சயம் குறையும்.

ஆனால் சாணத்திலும் தழைச்சத்துதான் இருக்கிறது. கிணற்றடிக்குப் பக்கத்தில் குப்பைமேடு வைத்து, மழைக்காலம் முழுக்க அது கரைந்து இறங்கினால் தண்ணீருக்கு அது இயற்கையா செயற்கையா என்று தெரியாது. அடிப்பகுதி மூடாத கழிப்பறைக் குழியும் அப்படியே. எருக்குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி மேட்டில் வையுங்கள், மேலே கீற்று போடுங்கள்.

கடல் பக்கத்துப் போர்களில் உப்புக் கரிக்கிறது. இதற்கும் உரத்துக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், பரங்கிப்பேட்டை)

உரத்துக்குச் சம்பந்தம் குறைவு, மோட்டாருக்குச் சம்பந்தம் அதிகம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி இருந்தால், கீழே 40 அடிக்கு உப்பை அழுத்தித் தள்ளி வைத்திருக்கும். இந்த விகிதத்தை ஐரோப்பாவில் கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 19, 20ஆம் நூற்றாண்டுகளின் சந்திப்பில் கண்டு சொன்னார்கள். அதைத் திருப்பிப் படியுங்கள்: இறைத்து ஓர் அடி இறக்கினால் உப்பு 40 அடி ஏறும். வயலுக்கு வேண்டாத ஒவ்வொரு மணி நேர இறைப்பும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஆலைகளும் நகரங்களும் நெய்வேலிச் சுரங்கமும் இறைப்பதும் இதே மாவட்டத்துத் தண்ணீர்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்படியானால் இலவச மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்கிறீர்களா?
(வாசகர், விருத்தாசலம்)

இல்லை. விவசாயியின் முதுகெலும்பில் கைவைத்துத் தண்ணீரைக் காப்பாற்ற முடியாது. இரவு மும்முனை மின்சாரம் வருகிறது, ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தூங்கினால் விடியும்வரை ஓடுகிறது. குறிப்பிட்ட நேரத்தில் தானாக நிற்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதைப் பொருத்துங்கள்.

சொட்டுநீர்க் குழாயில் உரம் கலக்கிறேன். ஒருநாள் கரண்ட் போனபோது உரத் தொட்டி தானாகக் காலியாகிவிட்டது. எங்கே போயிருக்கும்?
(விவசாயி, பண்ருட்டி)

போருக்குள். மோட்டார் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்படும். கூடவே உரக் கரைசலும் நேராக நிலத்தடி நீருக்குப் போயிருக்கும். மண்ணில் வடிகட்டல் எதுவும் இல்லாமல் போகிற வழி அது. மோட்டாருக்கும் உரத் தொட்டி இணைப்புக்கும் நடுவே திரும்பாத வால்வு ஒன்று இன்றே போடுங்கள். பரிசோதித்துச் சரி என்று தெரியும்வரை அந்தப் போர் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம்.

இதோடு சேர்ந்த மூன்று விஷயங்கள். மருந்து தெளிப்பானில் தண்ணீர் பிடிக்கும்போது ஓஸ் முனை மருந்துக் கரைசலுக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. காலி மருந்து பாட்டிலைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். மூன்று தடவை அலசி, அந்த அலசிய தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி அதே வயலில் தெளித்துவிடுங்கள். தூர்ந்துபோன பழைய போர்க்குழி திறந்து கிடந்தால் மூடி போட்டு அடையுங்கள். குழந்தை விழும் ஆபத்துக்காக மட்டுமல்ல. வயல் வடிகிற தண்ணீரும் ஆலைக் கழிவும் மழைநாளில் அதற்குள் இறங்கும்.

சுத்திகரித்த ஆலைத் தண்ணீரை லாரியில் இலவசமாகத் தருகிறோம், வயலுக்கு விட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருவர் கேட்கிறார். வறட்சிக்கு உதவுமே?
(விவசாயி, செம்மங்குப்பம்)

வாங்காதீர்கள். என்ன ஆலை, என்ன ரசாயனம், எந்த ஆய்வகம் எந்தத் தேதியில் பரிசோதித்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த தாள் எங்கே என்று கேளுங்கள். எழுத்தில் தர மாட்டேன் என்றால் லாரி எண்ணைக் குறித்துக்கொண்டு வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள். உப்பும் உலோகமும் ஏறிய மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு தலைமுறை ஆகலாம்.

மற்ற நாடுகளில் விவசாயிகள் இதையெல்லாம் செய்கிறார்களா, நமக்கு மட்டும்தானா இந்த உபதேசம்?
(ஆசிரியர், கடலூர்)

நம்மைவிட முன்பே அடிபட்டு, முன்பே திருந்தியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளாட் ஆற்றுப் படுகை மக்காச்சோள பூமி. கிணறுகளில் நைட்ரேட் ஏறியது. 1987இலிருந்து அங்கே மண்ணையும் பாசன நீரையும் பரிசோதித்து, அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்த பிறகே உரம் என்று விதி போட்டார்கள். கரும்பு விவசாயிக்கு மேலே சொன்ன கணக்குதான் அது. ஐரோப்பா 1991இல் நைட்ரேட்டுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. டென்மார்க் விவசாயி வருஷா வருஷம் உரக் கணக்கு எழுதி அரசுக்குத் தர வேண்டும்.

இங்கே நிலைமை என்ன? மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில் நாடு முழுவதும் எடுத்த மாதிரிகளில் சுமார் 20 சதவீதத்தில் நைட்ரேட் 45ஐத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் எடுத்தால் சுமார் 37 சதவீதம். ராஜஸ்தானும் கர்நாடகமும் நமக்கு முன்னால் நிற்கின்றன என்பது ஆறுதல் ஆகாது.

ஆலைக்கு எதிராகச் சாதாரண விவசாயி என்ன செய்ய முடியும்? பணமும் இல்லை, படிப்பும் இல்லை.
(விவசாயி, ஈச்சங்காடு)

நோட்டுப் புத்தகம் இருக்கிறதா? அது போதும் தொடங்குவதற்கு.

உங்கள் பக்கத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 2004இல் சிப்காட் சுற்றுவட்டார கிராமத்து மக்கள், நாற்றம் அடிக்கும் நேரத்தில் பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரம், எந்த இடம், காற்று எந்தத் திசை என்று எழுதி வைத்தார்கள். “நாற்றம் அடிக்கிறது” என்ற புகாரை அதிகாரி தள்ளிவிடலாம். தேதியும் ரசாயனத்தின் பெயரும் எழுதிய தாளைத் தள்ளுவது கடினம்.

தண்ணீருக்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் தோல் ஆலைத் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே பணம் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். அதை எடுத்துப் படித்தால் அதில் கிணறுகள் எண்ணப்பட்டிருக்கும். திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பினர் கணக்கெடுத்தார்கள். குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தோல் ஆலைப் பகுதிகளில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ் என்ற கணக்கும் தீர்ப்பில் ஏறியது. டெல்லி நீதிபதிகளிடம் அந்தக் கிணறுகளைக் கொண்டு சேர்த்தது எண்ணிக்கை. கிராமத்தில் யாரோ நடந்து போய் எண்ணியிருக்காவிட்டால் அந்தப் பத்தியே இருந்திருக்காது.

எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். மோட்டாரைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள், குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகட்டும். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பாட்டிலின் மேல் தேதி, நேரம், சர்வே எண், போர் ஆழம் எழுதுங்கள். வெயிலில் வைக்காமல் அன்றே கடலூர் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். நைட்ரேட், மொத்த உப்பு, குளோரைடு, இரும்பு கேளுங்கள். உலோகங்களுக்கும் கரைப்பான் ரசாயனங்களுக்கும் மாதிரி எடுக்கும் முறை வேறு, அதற்கான பாட்டிலை ஆய்வகமே தரும். கோடையில் ஒரு தடவை, அடைமழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை. எந்த வயலுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு உரம் போட்டீர்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் முக்கியம். உங்கள் யூரியாக் கணக்கு நேராக இருக்கும்போது, கிணற்றில் ஏறும் உப்புக்கும் உலோகத்துக்கும் யார் காரணம் என்ற கேள்விக்கு ஆலை நிர்வாகம் உங்களைக் காட்ட முடியாது.

தமிழ்நாட்டில் 2022இலிருந்து வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நடப்பதும் ஒன்று. இந்த வருஷத்து நோட்டோடு நாலு விவசாயிகளாவது போய் உட்காருங்கள். ஊரிலுள்ள எல்லாப் போர்களையும் பரிசோதிக்க வேண்டும், செலவை மாசுபடுத்தியவர்களிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வசூலிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு எழுந்து வாருங்கள்.